கமா விழுந்த இடம்

சாரம் பகுதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது துப்பறிவாளர் நெடுமாறனின் அறை. படியேறி வந்த ஏஸ்தெல்லுக்கு மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு வேலை போயிடும் சார். நான் பண்ணாத தப்புக்கு."

அவள் ஓர் அரசுத் துறையின் நூலகர். ஒப்பந்த வேலை. ஆய்வுக் கட்டுரைத் தளங்களில் தேடுவது எப்படி என்று அரசு ஊழியர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்துவாள். நேற்றுப் பயிற்சியின் தேநீர் இடைவேளையில், அவளுடைய கணக்கிலிருந்து யாரோ கட்டுரைகளை மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டார்கள். அது விதிமீறல். தளத்தை நடத்தும் வெளிநாட்டு நிறுவனம் துறை முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டது.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" நெடுமாறனின் உதவியாளர் கவிநிலா அதற்குள் பேனாவைத் திறந்திருந்தாள்.

"என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனா லேப்டாப்ல கணக்கைத் திறந்தபடியே வெச்சுட்டு டீ குடிக்கக் கீழ போனேன்."

"அப்ப லேப்டாப்ல தடயம் இருக்குமே?"

"பயிற்சி முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சுடுவேன். பழக்கம். எந்த மெஷின்னு கம்பெனியாலயும் சொல்ல முடியலை. எங்க ஆபீஸ் மொத்தத்துக்கும் வெளியில ஒரே இன்டர்நெட் முகவரிதான். தேடின வார்த்தையை மட்டும் அனுப்பியிருக்காங்க. அதுதான் என்னை மாட்டி வெச்சிருக்கு."

கைப்பேசியை நீட்டினாள். 'மலேரியா' என்று ஆங்கிலத்தில் தேட முயன்றிருக்கிறார்கள். 'ஏ' வரவேண்டிய இடமெல்லாம் 'க்யூ'. தொடக்கத்தில் 'எம்' இல்லை, ஒரு கமா. அடுத்த வரியில் அதே சொல் சரியாக இருந்தது.

"பிரெஞ்சு கீபோர்டுல 'ஏ' இருக்கிற இடத்துல, நம்ம ஊரு கீபோர்டுல 'க்யூ' இருக்கும் சார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. லேப்டாப்பும் பிரான்ஸ்ல, துலூஸ்ல இருக்கிற சித்தி குடுத்தது. அதுலயும் பிரெஞ்சு கீபோர்டுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா எனக்குக் கை தடுமாறும். எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. 'இது உன் கைரேகை மாதிரியே இருக்கேம்மா'ன்றார் டைரக்டர்."

"அப்ப இவங்கதானே சார்..." என்று ஆரம்பித்த கவிநிலா, மீதியை விழுங்கிக்கொண்டாள்.

நெடுமாறன் அந்தக் கமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஆபீஸுக்குப் போலாம்," என்றார்.

மற்ற ஊழியர்கள் அவரவர் அலுவலகத்திலிருந்தே பயிற்சி பார்த்தவர்கள். இடைவேளையின்போது நூலகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் அங்கே தனியாக இருந்திருக்கிறார்கள்.

கண்காணிப்பாளர் இராமதாஸ் கணினி முன் உட்கார்ந்து, ஒற்றை விரலைத் தூக்கிப்பிடித்தபடி எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "இந்த 'பி' எங்கய்யா போச்சு? காலையிலகூட இங்கதானே இருந்துச்சு!"

மொழிபெயர்ப்பாளர் மாக்சிம் எழுந்து வந்தார். "போன்ழூர் மதாம். இன்னும் அழுதுட்டுதான் இருக்கீங்களா?" பிறகு நெடுமாறனிடம், "நானும் இவங்க படிச்ச பிரெஞ்சுப் பள்ளிக்கூடந்தான் முசே. பிரெஞ்சு கீபோர்டு வேணும்னு மனு குடுத்தேன். ஒரு மவுஸ் வந்துச்சு."

கவிநிலா நெடுமாறனின் காதருகே குனிந்தாள். "இவர்தான் சார்!"

ஜன்னலோரம் அமிர்தவல்லி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளும் ஒப்பந்தத்தில் இருப்பவள்தான். முகம் இவர்கள் பக்கம் இருந்தது. "டீ சொல்லட்டுமா சார்? ஏஸ்தெல் அக்கா, மொதல்ல கண்ணைத் துடைங்க." பேச்சு நடந்தது. விரல்களும் நிற்கவில்லை.

இயக்குநர் வடிவேல் கையில் பணிநீக்க ஆணையோடு வந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்பது ஏஸ்தெல்லுக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் நெடுமாறன். "ஏஸ்தெல், இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மலேரியான்னு அடிங்க. கீழ பார்க்காம."

அவள் அடித்தாள். 'ஏ' எல்லாம் 'க்யூ' ஆகியிருந்தது. வடிவேல் தலையை ஆட்டினார். "நான் சொல்லலை?"

"முதல் எழுத்தைப் பாருங்க."

அங்கே கமா இல்லை. செமிகோலன்.

"இப்ப அவங்க லேப்டாப்ல. கவிநிலா, நீ அடி. நீயும் பார்க்கக் கூடாது."

கவிநிலா அடித்தாள். திரையில் கமா விழுந்தது.

"பிரெஞ்சு விசைப்பலகையில 'எம்' இருக்கிறது 'எல்'லுக்குப் பக்கத்துல," என்றார் நெடுமாறன். "நம்ம பலகையில அந்த இடம் செமிகோலன். ஏஸ்தெல் இங்க அடிச்சா செமிகோலன்தான் விழும். நம்ம 'எம்' இருக்கிறது கீழ் வரிசையில. பிரெஞ்சுப் பலகையில அந்த இடம் கமா. 'ஏ'வும் 'க்யூ'வும் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறியிருக்கிறதால, அந்தத் தப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் விழும். அப்போ அடிச்சது நம்ம பலகையில பழகின கை. அடிச்ச மெஷின் ஏஸ்தெல்லோட லேப்டாப். தன் சொந்தப் பலகையில ஏஸ்தெல்லுக்குத் தப்பே வராது."

"மாக்சிம்?" கவிநிலா விடவில்லை.

"அவருக்கும் அதுல தப்பு வராது."

இராமதாஸ் எழுந்துவிட்டார். "அப்ப நானா?"

"நீங்க ஒவ்வொரு எழுத்தா கண்ணால பார்த்து அடிக்கிறவர். அப்படி அடிச்சா எந்தப் பலகையிலயும் இந்தத் தப்பு வராது. இது பலகையைப் பார்க்காமலே அடிக்கிறவங்க செஞ்ச தப்பு. திரையில பார்த்ததும் சுதாரிச்சு, அடுத்த வரியில குனிஞ்சு பார்த்து அடிச்சிருக்காங்க."

தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

"மலேரியாவைப் பத்தி பார்ட் டைமா பிஎச்டி பண்றேன்," என்றாள் அமிர்தவல்லி, யாரையும் பார்க்காமல். "அத்தியாயத்தைக் குடுக்கச் சொல்லி கைடு நெருக்குறார். நாலஞ்சு எடுக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். அவ்வளவும் கண்ணு முன்னால இருந்துச்சு, கை நிக்கலை. பென் டிரைவ்ல ஏத்திட்டேன்."

"என் தலையில விழுந்தப்பகூட வாயைத் திறக்கலையேடி," என்றாள் ஏஸ்தெல்.

"மில்லு மூடினதுலேருந்து அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. வீட்ல என் சம்பளம்தான். உங்களுக்கென்னக்கா, பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. வேலை போனா அங்க போயிடுவீங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"யாரு சொன்னது? பாஸ்போர்ட்டு சித்தி புருஷனுக்கு. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை விட்டுப் போனப்ப எங்க தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் குடுக்கலை. எனக்கும் இந்த ஊரை விட்டா வேற இல்லைடி."

அமிர்தவல்லி பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வடிவேல் கையிலிருந்த ஆணையைப் பார்த்தார். "பேரை மட்டும் மாத்தினாப் போதும்," என்றார். அங்கே ஆணைகளை அடிப்பவள் அமிர்தவல்லிதான். பழக்கதோஷத்தில் அவள் கை விசைப்பலகையை இழுத்தது.

ஏஸ்தெல் அதன் மேல் தன் கையை வைத்தாள்.

"மொதல்ல கம்பெனிக்கு எழுதணும் சார். நடந்ததை அப்படியே. எடுத்ததை எல்லாம் அழிச்சுட்டோம்னு. இணைப்பு வரட்டும். அவ பேரைப் பத்தி அப்புறம் பேசலாம். நானும் உட்கார்ந்து பேசறேன்."

வடிவேல் ஆணையைக் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க," என்றார்.