தீவை மறைத்த விளக்கு

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர். அன்று பொழுது சாயும் நேரத்தில் பள்ளிவிட்டு வந்தவள், அம்மாவின் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னைக்கும் அந்தச் சத்தமா?"

அம்மா ஹெட்போனைக் கழற்றி மகளின் காதில் வைத்தாள். 'கர்ர்ர்ர்' என்று காதைக் கிழித்தது.

அம்மா ஹாம் ரேடியோக்காரி. கூரையிலிருந்து கொல்லை மரம்வரை நீளக் கம்பி கட்டி, எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுவாள். வாயால் அல்ல, 'டிட், டா' என்ற மோர்ஸ் ஒலிகளால்.

நாலாயிரம் மைலுக்கு அப்பால், ஆளே குடியில்லாத ஒரு தீவில் நாலு பேர் ரேடியோவோடு முகாம் போட்டிருந்தார்கள். அவர்களைத் தாழ்ந்த அலைவரிசையில் பிடித்துவிட வேண்டுமென்று அம்மாவுக்கு அப்படியொரு ஆசை. அந்த அலை பகலில் தூரம் போகாது. பொழுது சாயும்போதுதான் அந்தத் தீவுக்கு வழி திறக்கும், அதுவும் ஒரு மணி நேரம்தான். மூன்று நாளாகச் சரியாக அந்த நேரம் பார்த்து இந்தக் கர்ர்ர் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

"நாளைக்கு அவங்க கப்பல் ஏறிடுவாங்க. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்," என்றாள் அம்மா.

"இந்தச் சத்தம் தீவுலேர்ந்தா வருது?"

"இல்லடி. இங்கேதான், பக்கத்துல எங்கேயோ. ஏதோ கரண்டுல ஓடற சாமான்."

"அப்போ தேடிப் பிடிக்கலாமே!"

துருவி சின்ன டிரான்சிஸ்டரை எடுத்து, எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை வைத்தாள். அதிலும் மெல்லக் கர்ர்ர் கேட்டது. தெருவில் இடப்பக்கம் போனால் சத்தம் குறைந்தது. வலப்பக்கம் போனால் கூடியது.

"என்ன, ரேடியோவைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று எதிர்வீட்டு வாத்தியார் கேட்டார். அவள் நிற்காமல் நடந்தாள்.

தையல் கடை வாசலில் அவள் கையிலிருந்த ரேடியோ அலறியது. உள்ளே புது எல்.இ.டி. விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் டெய்லர் மாமா ஒரு ராஜா உடையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

துருவி விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மெஷினா சத்தம் போடுது? நேத்துதானே எண்ணெய் விட்டேன்!"

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க மாமா."

மெஷின் நின்றது. கர்ர்ர் நிற்கவில்லை.

"இப்போ அந்த விளக்கை?"

விளக்கு அணைந்தது. ரேடியோ கப்சிப்.

"அட! வாங்கி மூணு நாள்தானே ஆச்சு," என்ற மாமா தலையைச் சொறிந்தார். "அம்மாவுக்காக அணைச்சுடறேன் பாப்பா. ஆனா காலையில பிள்ளைங்க நாடகம். இன்னும் அஞ்சு உடை பாக்கி. ராஜா பனியனோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

துருவிக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

"இருங்க மாமா!"

வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடி, தன் மேஜை விளக்கைக் கொண்டு வந்தாள். பழைய குண்டு பல்பு போட்ட விளக்கு. அதைப் போட்டுவிட்டு டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"நீங்க தைங்க மாமா!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தாள்.

அம்மா, ரேடியோவில் தன் பெயரான அழைப்புக்குறியை மோர்ஸில் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினாள். தீவைக் கூப்பிட உலகமே முண்டியடித்துக்கொண்டிருந்தது. பத்து முறை, இருபது முறை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. ஆளுக்கொரு காதாக ஹெட்போனைப் பங்கு போட்டுக்கொண்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொசு முனகுவதுபோல ஒரு ஒலி வந்தது. டிட், டிட், டிட், டா...

துருவிக்கு மோர்ஸ் தெரியாது. ஆனால் அந்தத் தாளம் தெரியும். பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்கிற தாளம் அது.

"அம்மா! உன்னைத்தான் கூப்பிடறாங்க!"

அம்மா அவசரமாகப் பதில் தட்டி முடித்தாள். 'நன்றி' என்று தீவு சொன்னதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

தெருவிலிருந்து குரல் வந்தது. "பாப்பா! தீவு கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு மாமா!"

"அப்போ கொஞ்சம் வாயேன்! இந்த மஞ்ச வெளிச்சத்துல ஊசிக் காதே எனக்குத் தெரியல!"

துருவி கிளம்புவதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். ஐந்தாவது உடை முடியும்வரை டெய்லர் மாமாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அம்மாதான்.