மஃபினுக்குத் தெரியாத விதி

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டார். அன்றைக்குக் கல்லூரி மைதானத்தில் கால்பந்து ஆட்டம் இருக்கும். காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. கையால் எறிந்து, கையால் பிடித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுகிற எங்கள் அமெரிக்கக் கால்பந்து.

எங்கள் கல்லூரி அணியில் பந்தை எறிபவன் நெல்ஸ். அந்த இடத்துக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவன் எறிந்தால்தான் ஆட்டமே நகரும். கடைத்தெருவில் நடந்தால் ரொட்டிக் கடைக்காரர்கூட வெளியே வந்து கை கொடுப்பார்.

மாரிட் அவனுடைய தங்கை. வயது பத்து. நெல்ஸ் எறிந்து பழக வேண்டுமென்றால் எதிரில் நின்று பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே? நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வேலை மாரிட்டுடையது.

அது சுலபமான வேலை இல்லை. காரணம், மஃபின்.

கையடக்கமான ஒரு கேக்கின் பெயராயிற்றே என்று ஏமாந்துவிடாதீர்கள். மஃபின் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கும் நாய். பந்து காற்றில் வேகமாகச் சீறினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்து, பிடிக்கிறவர் மேல் மோதும். மாரிட் எத்தனையோ முறை குப்புற விழுந்திருக்கிறாள். பந்தை மட்டும் விட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மாரிட் வழக்கம்போல மைதானத்துக்குப் போனாள். பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. பந்தை எறிபவன் மட்டும் சிவப்புச் சட்டை போட்டிருப்பான். சிவப்புச் சட்டைக்காரனை யாரும் இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. பக்கத்தில் வந்து நின்றுவிட வேண்டும். எறிகிற தோளில் அடிபட்டுவிட்டால் சனிக்கிழமை என்ன செய்வது?

மாரிட் சிவப்புச் சட்டையைத் தேடினாள். கிடைத்தது. ஆனால் அதற்குள் இருந்தது நெல்ஸ் இல்லை! ஒல்லியாக, உயரமாக யாரோ ஒரு பையன். இரண்டு கைகளையும் குவித்து வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.

நெல்ஸ் மற்றவர்களோடு மற்றவனாக, வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது மாரிட் கேட்டாள்.

"உன் சட்டை எங்க?"

"குடுத்துட்டேன். இனிமே தியோதான் எறிவான். தெற்கே வெயில் ஊர், லூசியானாவிலேர்ந்து வந்திருக்கான். முதல் வருஷம்."

"அப்ப நீ?"

"நான் பிடிக்கணுமாம். ரிசீவர். நான் நல்லா ஓடறேன்னு கோச் சொல்றாரு."

"அவருக்கு ஒண்ணும் தெரியல!"

"தெரியும், சுண்டெலி. தியோ எறிஞ்சா பந்து ரொம்ப தூரம் போகுது. எனக்கு அவ்வளவு தூரம் போகாது. அதுதான் நிஜம்."

அவன் கோபப்பட்டிருந்தால் மாரிட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கோபப்படவே இல்லை. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கோபப்பட்டாள். மறுநாள் மைதானத்தில் தியோ அவள் பக்கம் திரும்பியபோது, மூக்கைச் சுருக்கி, நாக்கை நீட்டி, தன்னால் முடிந்த அளவுக்குப் பயங்கரமாக முகத்தைக் கோணிக் காட்டினாள்.

ஆனால் நெல்ஸுக்கு அது உதவவில்லை. பந்து நேராக அவன் கைக்குத்தான் வந்தது. அவன் நழுவவிட்டான். மறுபடியும் வந்தது. மறுபடியும் நழுவவிட்டான்.

"டேய் நெல்ஸ், பந்து என்ன சுடுதா?" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நெல்ஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாரிட்டுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நெல்ஸ் முள்கரண்டியால் உருளைக்கிழங்கை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, சனிக்கிழமை ஆட்டத்தோட நான் விட்டுடறேன்."

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சத்தம் கேட்டுப் பழகியவர். எதற்கும் பதற மாட்டார்.

"உனக்குப் பிடிக்கலைன்னா விடு. தட்டுல இருக்கறதை மட்டும் மிச்சம் விடாத" என்றார். ஆனால் சொல்லிவிட்டு, தன் தட்டில் இருந்ததை அவர் சாப்பிடவில்லை.

மாரிட் நெல்ஸையே பார்த்தாள். எட்டு வயதில் கட்டிலில் பந்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய அண்ணன் இவன். விட்டுவிட்டு என்ன செய்வான்?

"நெல்ஸ், பந்து வரும்போது நீ எங்க பாக்கற?"

"பந்தைத்தான்."

"இல்ல. கை கிட்ட வர்ற வரைக்கும் பந்தைப் பாக்கற. கடைசில தலையைத் திருப்பி, யாரு இடிக்க வர்றாங்கன்னு பாக்கற. நான் பாத்தேன்."

நெல்ஸ் முள்கரண்டியை வைத்தான்.

"எறியறவன் அப்படித்தான் சுத்திப் பாக்கணும். பிடிக்கறவங்க பாக்கக் கூடாது" என்றாள் மாரிட்.

"ஓகோ. நீங்க எப்பலேர்ந்து கோச் ஆனீங்க?"

"நான் கோச் இல்ல. ரிசீவர். நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து!"

அம்மா வாயைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, மறுநாள் ஆட்டம் என்பதால் பயிற்சி சீக்கிரம் முடிந்தது. கொல்லைப்புறத்தில் அண்ணனும் தங்கையும் இடம் மாறி நின்றார்கள். இப்போது மாரிட் எறிய, நெல்ஸ் பிடிக்க வேண்டும்.

மாரிட் பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தாள். பந்து பூசணிச் செடிகளுக்கு நடுவே விழுந்தது.

"நல்ல எறி" என்றான் நெல்ஸ்.

"பொய் சொல்லாத."

மஃபின் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பூசணியில் விழுகிற பந்துக்கெல்லாம் அது எழுந்திருக்காது. பந்து வேகமாக வரவேண்டும். அப்போதுதான் மஃபின் ஓடி வரும். மஃபின் ஓடி வந்தால்தான் நெல்ஸ் பழக முடியும்.

நெல்ஸை விட்டால், அப்படி எறியக்கூடிய கை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரனைப் பார்த்துத்தான் அவள் முகத்தைக் கோணியிருந்தாள்.

"இங்கயே இரு. எங்கயும் போயிடாத" என்று நெல்ஸிடம் சொல்லிவிட்டு, மாரிட் சைக்கிளை எடுத்தாள்.

கல்லூரி விடுதியின் படியில் தியோ தனியாக உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா, குளிரெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடறேன். எல்லாரும் ரொம்ப நல்லாப் பழகறாங்க."

சொல்லும்போதே அவன் பற்கள் தந்தியடித்தன. ஒரு கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து வைத்திருந்தான். சுற்றிலும் ஒருவரும் இல்லை.

மாரிட் விறைப்பாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அவன் போனை வைத்ததும், "உங்க அம்மாகிட்ட பொய் சொல்றீங்க" என்றாள்.

தியோ நிமிர்ந்து பார்த்தான். "நீ அந்த முகம் கோணின பொண்ணுதானே?"

"ஆமா. அது புதன்கிழமை."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. ஆனா முதல்ல கொஞ்சம் பந்து எறியணும். நான் நெல்ஸ் தங்கச்சி."

தியோ தயங்கினான். "அவருக்கு என்மேல கோவம் இருக்கும்."

"அவனுக்கு இல்ல. எனக்குத்தான் இருந்தது" என்றாள் மாரிட். "இப்ப கொஞ்சம்தான் இருக்கு."

தியோவைக் கொல்லைப்புறத்தில் பார்த்ததும் நெல்ஸ் திகைத்துப் போனான். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளையாக மஃபின் எழுந்து வந்து தியோவின் தோளில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்தது.

"ஐயோ! இது நாயா?"

"நாய்தான். எறிங்க!" என்றாள் மாரிட்.

தியோ எறிந்தான். பந்து சீறிக்கொண்டு போனது. மஃபின் பாய்ந்தது. நெல்ஸ் தலையைத் திருப்பினான். பந்து நெஞ்சில் பட்டுத் தெறித்தது. அடுத்த நொடி மஃபினும் நெஞ்சில் வந்து விழுந்தது.

"பாத்தியா! மஃபினைப் பாத்த!"

"அது என்னை இடிக்க வருதுடி!"

"இடிக்கும். நீ பாத்தாலும் இடிக்கும், பாக்காட்டியும் இடிக்கும். அப்புறம் எதுக்குப் பாக்கற? பந்தைப் பாரு!"

தியோ மறுபடி எறிந்தான். நெல்ஸ் மறுபடி விழுந்தான். எறிந்தான், விழுந்தான். பூசணிச் செடிகளின் கதியை அம்மாவிடம் யார் சொல்வது என்பது வேறு கவலை.

இருட்டத் தொடங்கிய நேரம். பந்து வந்தது, மஃபினும் வந்தது. நெல்ஸின் கண்கள் பந்தை விட்டு அசையவில்லை. தொம்! இருவரும் புல்லில் உருண்டார்கள். மஃபின் அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. அந்தக் கையில் பந்து இருந்தது.

நெல்ஸ் படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

தியோ மறுபடி கைகளை ஊதிக்கொண்டிருந்தான். நெல்ஸ் எழுந்து உள்ளே போய், இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கையை நுழைத்துக்கொள்கிற கம்பளிப் பையைக் கொண்டு வந்தான். குளிர்கால ஆட்டங்களில் அவன் கட்டிக்கொள்வது. அதைத் தியோவின் இடுப்பில் தானே கட்டிவிட்டான்.

"இது இல்லாம இந்த ஊர்ல எறிய முடியாதுடா தம்பி. நிஜமான குளிர் நவம்பர்லதான், அது இன்னும் வரவே இல்ல."

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்கெதுக்கு? நான் ரிசீவர்."

மாரிட் அதைக் கேட்டாள். அவன் தன் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, மஃபின் வந்து மோதியதால் யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில், மைதானத்தின் நடுவே, நெல்ஸை நோக்கிப் பந்து வந்தது. எதிரணியிலிருந்து அலமாரி மாதிரி ஒருத்தன் அவனை நோக்கி ஓடி வந்தான். மாரிட் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெல்ஸின் தலை திரும்பவில்லை.

தொம்!

மைதானமே மூச்சைப் பிடித்தது. பிறகு அந்த அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. அந்தக் கையில் பந்து இருந்தது.

"மஃபினைவிட இவன் லேசுதான்!" என்று மாரிட் கத்தியது அம்மாவைத் தவிர பக்கத்தில் இருந்த யாருக்கும் புரியவில்லை.

ஜெயித்தோமா என்று கேட்கிறீர்களா? ஒரு புள்ளியில் தோற்றுவிட்டோம். ஆனாலும் ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து நெல்ஸ், தியோ இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை நெல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினான்.

"ஏதோ விட்டுடறேன்னு சொன்னியேப்பா?" என்றார் அம்மா.

"எதை?" என்றான் நெல்ஸ்.

அன்று மாலை அவன் பைக்குள்ளிருந்து தன் பழைய சிவப்புச் சட்டையை எடுத்தான். தியோவுக்குப் புதுச் சட்டை வந்துவிட்டதால், கோச்சிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"நம்ம வீட்டுல இனிமே எறியறது நீதானே, சுண்டெலி? போட்டுக்கோ."

சட்டை மாரிட்டின் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லையின் நடுவில் போய் நின்றாள்.

"ஞாபகம் வச்சுக்கோங்க! சிவப்புச் சட்டைக்காரங்களை யாரும் இடிக்கக் கூடாது!"

சரியென்று அம்மா, நெல்ஸ் எல்லாரும் தலையாட்டினார்கள், வேலியோரத்திலிருந்து நாலுகால் பாய்ச்சலில் அவளை நோக்கி வந்துகொண்டிருந்த மஃபினைத் தவிர.