இரண்டு பேர் தயிர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு கிண்ணம் தயிரைக் கொட்ட மனம் வராமல் தன் உயிரையே பணயம் வைத்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். இன்னும் நடக்காத கதைதான். ஆனால் நடக்கவே நடக்காது என்று யார் சொல்வது?

ஈரோட்டில் காவிரிக்கரை நெடுக அடுக்குவீடுகள் மேகத்தை முட்டி நின்ற காலம் அது. அதில் ஒரு வீட்டில் செங்கமலம் இருந்தாள். காலையில் குழாயைத் திறந்து தொட்டிப்பால் பிடிப்பாள். மாடு இல்லாமல் தொட்டியில் வளர்த்த பால். அதைக் காய்ச்சி, ஆற வைத்து, சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். வெதுவெதுவென்று இருந்தால்தான் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவாள். சூட்டில் ஊற்றினால் உறையின் நுண்ணுயிர் செத்துப்போகும்; ஆறி அவிந்த பாலில் ஊற்றினால் சோம்பிக் கிடக்கும். தோய்ந்த தயிரைக் குளிர்ப்பேழையின் கதவில் வைக்கமாட்டாள், திறக்கும்போதெல்லாம் அனல் படும் இடம் என்று. கீழ்த்தட்டின் உள்மூலையில், வெங்காய வாடை அண்டாமல் இறுக மூடி வைப்பாள்.

தயிருக்கா இத்தனை பக்குவம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் தயிர்தான் மருந்து. மாத்திரை எல்லாம் ஒழிந்துவிட்டது. மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர்களைக் கலந்து வீட்டுக்கு வீடு தனி உறை கொடுப்பார்கள். மருந்துறை என்று அதற்குப் பேர். செங்கமலத்தின் உறையில் அவளுடைய சர்க்கரைக்கும் மருந்து, அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து. ஆளுக்கு ஒரு கிண்ணம் என்றால் இருவருக்கும் ஒத்துப்போகும். மிஞ்சினால் ஆபத்து.

அதனால் ஒரு வீட்டுத் தயிரை இன்னொரு வீட்டார் தொடக்கூடாது என்று விதி. விருந்தாளிக்கு ஒரு வாய் மோர் கொடுத்தால்கூடக் குற்றம். தயிரில் தொடங்கிய பயம் மெல்லச் சோற்றுக்கும் குழம்புக்கும் பரவியது. யாரும் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. தாய்வீட்டுக்கு வரும் மகள்கூடத் தன் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆடி மாதம் நாச்சிமுத்து போய்ச் சேர்ந்தார். செங்கமலத்தின் கைக்கு அது தெரியவில்லை. இரண்டு பேர் அளவுக்கே பால் பிடித்தது, இரண்டு கிண்ணத்தில் ஊற்றியது. தயிரைக் கொட்டிப் பழக்கமில்லாதவள், அவர் பங்கையும் தானே சாப்பிட்டாள். ஐப்பசியில் தலை சுற்றியது. ஒருநாள் அடுப்படியிலேயே விழுந்தாள். கையில் கட்டியிருந்த நலவளையம், வீட்டு உறைகளைக் கவனிக்கும் உறைச்செவிலி ஜெசிந்தாவுக்குச் சேதி அனுப்பிவிட்டது.

அவள் வந்து குளிர்ப்பேழையைத் திறந்தாள். கீழ்த்தட்டு நிறைய மூடிய கிண்ணங்கள். சில நாளாகச் சாப்பிட முடியாமல் செங்கமலம் சேர்த்து வைத்தவை.

"ஏனுங்க்கா, தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"சொன்னா உறையை மாத்திப்போடுவ."

"மாத்தாம? அண்ணன் பங்கு மருந்தையும் சேத்துச் சாப்பிட்டா உங்களுக்கு ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருமுங்க. அடுத்தவாட்டி விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க."

"அதுக்கு? அவரு கிண்ணத்தைக் கொண்டுபோயிச் சாக்கடையில ஊத்தோணுமா சாமி?"

ஜெசிந்தா பையிலிருந்து உறையைச் சாகடிக்கும் அழிப்புத்தூளை எடுத்தாள். செங்கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துத் தயிருக்குள்ள முந்தாநேத்துத் தயிரு இருக்குது. அதுக்குள்ள அதுக்கு முந்துன நாளு. அப்படியே போனா அவரு தின்ன தயிரு இதுக்குள்ள இருக்குதம்மணி."

"தெரியுதுங்க்கா. ஆனா பழைய உறையை உயிரோட விட்டுட்டுப் போகக்கூடாது."

"உயிரோட தான விடக்கூடாது?" செங்கமலம் நிமிர்ந்தாள். "கொதிக்க வெச்சா?"

"கொதிச்சா நுண்ணுயிரும் செத்துரும், மருந்தும் முறிஞ்சுரும். அப்புறம் வெறும் புளிச்ச மோரு. மருந்தைப் போயி யாருங்க்கா கொதிக்க வெப்பாங்க?"

"அப்ப யாரு வேணாலும் திங்கலாமல்ல?"

ஜெசிந்தா அழிப்புத்தூளைத் திரும்பப் பைக்குள் போட்டாள். "திங்கலாமுங்க," என்றாள், அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல.

செங்கமலம் புளித்த தயிரைக் கட்டியில்லாமல் கடைந்தாள். ஊறிய துவரம்பருப்பும் தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துக் கலந்தாள். பருப்பு சேர்ந்தால்தான் கொதிக்கும்போது தயிர் திரியாது. தீயைத் தணித்து வைத்து, கரண்டியை ஓயவிடாமல் கிளறினாள். நாளைக்கு உறை ஊற்றவென்று வழக்கம்போல் ஒரு கரண்டித் தயிரை மட்டும் சின்னக் கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்திருந்தாள். ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

ஓரத்தில் நுரை கட்டியது. செங்கமலம் சின்னக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்து, அதையும் குழம்பில் கவிழ்த்து, விரலால் வழித்துப் போட்டாள். குழம்பு கொதித்தது. திரியவில்லை.

கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை நடைவழி முழுக்கப் போயிற்று. எதிர்வீட்டுக் குழந்தைவேலு கதவைத் திறந்தார்.

"என்னங்க அது? மனுசனை ஊட்டுக்குள்ள இருக்க விடமாட்டேங்குது?"

"மோர்க்குழம்பு. தட்டை எடுத்துட்டு வாங்க."

"உங்கூட்டுத் தயிராச்சே, ஆளை முடிச்சுராதுங்களா?"

"கொதிச்சுருச்சு. இனி உங்களை முடிக்கறதுன்னா உப்புத்தான் முடிக்கோணும்."

ஜெசிந்தாதான் முதலில் தட்டை நீட்டினாள். அதைப் பார்த்துக் குழந்தைவேலு நீட்டினார்; அவர் பின்னால் இன்னும் நாலு வீட்டார். முதல் வாயை விழுங்கிவிட்டு அவர் தலையாட்டினார். "நாச்சிமுத்தண்ணன் எதிர்லயே இத்தனை வருசம் இருந்தாருங்க. அவரு என்ன தின்னாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் காலை இரண்டு பேர் அளவுக்குப் பால் பிடித்துவிட்டாள். பார்த்தாள். பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் ஜெசிந்தா கொடுத்துவிட்டுப் போன புது உறையை ஊற்றினாள். கதவு தட்டப்பட்டது. குழந்தைவேலு ஒரு சட்டியோடு நின்றார்.

"எங்கூட்டுத் தயிரும் புளிச்சுக் கெடக்குதுங்க. நல்லாக் கொதிக்க வெச்சுக் கொண்டாந்துட்டேன். என்ன, கொஞ்சம் திரிஞ்சுபோச்சு."

"பருப்பு அரைச்சு ஊத்தலையாக்கும். பரவாயில்லீங்க, உள்ள வாங்க," என்றாள் செங்கமலம்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் பால் பொங்கட்டும், ஊற்றிய உறை தோயட்டும். பக்கத்து வீட்டார் கூசாமல் தட்டு நீட்டுகிற வாசலாக உங்கள் வாசல் இருக்கட்டும். ஒருவர் குறைந்து போகிற நாளிலும் உங்கள் அடுப்படியில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.