எதிர்வீட்டுக் கிண்ணம்

அந்த இருபத்து மூன்றாம் மாடியில் எல்லா வாசலிலும் செருப்பு கிடந்தது. எதிர்வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுகூட இல்லை. சோங்சிங் நகரத்தில் தங்கை வீட்டுக்கு முதன்முதலாக வந்த தாவ்மெய் கவனித்த முதல் விஷயமே அதுதான். தங்கை ஷியாவ்ஹேவுக்கு இது எட்டாம் மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. இதுவாவது நிற்க வேண்டுமே என்ற பயத்தில், நட்ட வயலை அப்படியே போட்டுவிட்டு மலைக் கிராமத்திலிருந்து அக்கா ஓடி வந்திருந்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம்கூடப் பையில் இருந்தது.

"இப்பவே சாயமா? உன் அவசரத்துக்கு அளவே இல்லக்கா!" என்று தங்கை சிரித்தாள்.

மறுநாள் மதியம், தங்கை தூங்கும்போது ஒட்டரிசி உருண்டை செய்து, நீலக்கரைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் எதிர்வீட்டைத் தட்டினாள். புது இடத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் பலகாரம் கொடுப்பதும், அவர்கள் அதை வெறுமையாகத் திருப்பாமல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்த மரியாதை. ஆற்றுப் பனி நடைவழி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பழைய ஊதுவத்தியும் பூட்டிக் கிடந்த அலமாரியும் கலந்த வாசனை கதவடியிலிருந்து கசிந்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்த பலர் சட்டென்று பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. கதவு நாலு விரல் அகலம் திறந்தது. ஒரு கை கிண்ணத்தை வாங்கியது. ஐஸ் மாதிரிக் கை.

"என்ன விசேஷம்?"

"தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிள்ளை பொறக்கப் போவுதுங்க."

"பிள்ளையா..." என்றது குரல். பின்னால் இருட்டில் இன்னும் சில வாய்கள் அதையே சொல்லிப் பார்த்தன. கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் சாப்பிடும்போது தாவ்மெய் மெல்லக் கேட்டாள். "எதிர்வீட்ல எத்தன பேரு?"

"ஏழு ஜாடி," என்றாள் ஷியாவ்ஹே. "கல்லறைக்கு எடம் கெடைக்கலன்னு ஒரு குடும்பம் வீட்ட வாங்கி அஸ்திய வெச்சிருக்கு. வருஷத்துக்கு ஒருதரம் வந்து ஊதுவத்தி கொளுத்திட்டுப் பூட்டிட்டுப் போவாங்க. ஏன்க்கா, முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

யாராவது கூட்டிப் பெருக்க வந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். ஐயோ, பிள்ளையைப் பற்றி ஏன் வாயைத் திறந்தேன்?

காலையில் ஷியாவ்ஹே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா... பிள்ள அசையவே மாட்டேங்குது."

"செருப்ப மாட்டு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

தாவ்மெய் கதவைத் திறந்தாள். பனி. காலடியில் கிண்ணம். அதே நீலக்கரை. கழுவியிருந்தது. வெறுமையாக இல்லை.

இரண்டு முட்டை. சிவப்பு முட்டை.

தொட்டாள். சூடு ஆறவில்லை.

எதிர்க்கதவுக்குப் பின்னால் பலர் சேர்ந்து எதையோ தாலாட்டினார்கள்.

"யாருக்கா அது?" ஷியாவ்ஹே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எதிர்வீட்ல பச்சப்புள்ள அழுவுது."