நான்காவது அறிவிப்பு

நேற்றுவரை அந்தக் குரல் "வரவேற்கிறோம்" என்ற சொல்லோடு நின்றுவிடும். வியாழக்கிழமை காலை, கல்லூரிக்குக் கிளம்பிய மமதா தலையைப் பின்னிக்கொண்டே போனில் அதை மறுபடி ஓடவிட்டபோது, அது நிற்கவில்லை.

"அன்பான பயணிகளே, பாதாள ரயிலுக்கு உங்களை வரவேற்கிறோம். கம்பியை மடிமீது இறக்கிக்கொள்ளுங்கள்."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மரகதத்தின் கை அப்படியே நின்றது. குரலுக்குப் பின்னால் இரும்புச் சக்கரங்களின் முனகலும், வரிசையில் நின்ற பிள்ளைகளின் கூச்சலும், அவற்றுக்கும் அடியில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தமும் கேட்டன. கிரீஸும் ஈரச் சிமெண்டும் கலந்த அந்தப் பழைய வாடைகூட, நீலசந்திரா பகுதியின் இந்த மாடி வீட்டுக்குள், தேங்காய் மணத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"இந்த வரி நேத்து இல்லையேடி."

"அதே கிளிப்தாம்மா. சும்னே ஏதாவது சொல்லாத." மமதா சிரித்தாள். "ஆனா இந்த ஆண்ட்டி அப்படியே உன்ன மாதிரியே பேசறாங்க. அந்த மூக்கடைச்ச குரல் உட்பட."

மரகதம் மீண்டும் தேங்காய் துருவினாள்.

ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் பாதாள ரயிலை நிறுத்திப் பன்னிரண்டு வருஷமாகிறது. சின்ன வயதில் அதில் போனவர்கள் எல்லாம் இப்போது இணையத்தில் ஒரு பக்கம் வைத்து உருகிக்கொண்டிருந்தார்கள். யாரோ பழைய வீடியோ ஒன்றைப் போட, அதிலிருந்த குரலைப் பிய்த்து ஊரே ரீல்ஸ் போட்டது. பால் பூத்தில், ஆட்டோவில், பஸ்ஸில், எங்கும் அந்தக் குரல். இவ்வளவு நல்ல ரயிலை ஏன் மூடினார்கள் என்று கேட்டுக் கேட்டு, நஷ்டம் என்றும், அபார்ட்மெண்டுக்காக நிலம் கொடுத்துவிட்டார்கள் என்றும் தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

குரல் மரகதத்துடையதுதான். அவள் அங்கே கதவருகே ஆட்களை ஏற்றிவிடும் வேலையில் இருந்தாள். கன்னடம், இங்கிலீஷ், இந்தி அறிவிப்புகளுக்கு வெளியிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். நான்காவதாக வரும் தமிழுக்கு மட்டும், தமிழ் படிக்கத் தெரிந்தவள் இருக்கிறாளே என்று அவளையே பேச வைத்தார்கள். ரயில் புறப்படுகிறது என்ற அவளுடைய கடைசி வரி முடிந்ததும், ரயிலை இயக்கும் அறைக்குள் இருக்கும் டென்சில் பிரேக்கை விடுவான். அதுதான் அங்கே வழக்கம்.

அந்தத் தசரா விடுமுறை ஞாயிறன்று கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. "மூணையும் தள்ளிவிடு டென்சில், என்னோடது மட்டும் போடு" என்று சொன்னவள் அவள். நேரம் மிச்சமாகும் என்பது நிஜம். அந்தக் கூரைக்கடியில் தன் குரல் மட்டும் தனியாக ஒலிப்பதைக் கேட்கும் ஆசை அதைவிட நிஜம். மூன்றாவது பெட்டியருகே கீழே நின்றபடி ஒரு கன்னடக்காரத் தாய், உள்ளே உட்கார்ந்திருந்த ஏழு வயது மகளின் கம்பியைப் பூட்டக் குனிந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ரயில் கிளம்பப் போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பூட்டாத கம்பியோடு அவள் கைக்குள்ளிருந்து மகளை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போன ரயில் திரும்பி வந்தபோது, அந்த இடத்தில் யாரும் இல்லை.

பூங்காக்காரர்கள் விஷயத்தை வெளியே வராமல் அமுக்கினார்கள். டென்சிலுக்கு வேலை போனது. அவன் மரகதத்தின் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்போது மமதாவுக்கும் ஏழு வயது.

அன்று சாயங்காலம் கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மமதா, தொடை வலிக்கிறது என்றாள். நைட்டியை விலக்கிப் பார்த்தால், இரண்டு தொடைகளுக்கும் குறுக்கே, ஒரே நேராக, கன்றிச் சிவந்த தடம். எதையோ வெகுநேரம் மடியில் அழுத்தி வைத்திருந்ததுபோல. பஸ்ஸில் பட்டிருக்கும் என்று மகள் சொன்னாள். மரகதம் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவினாள். தடம் சில்லென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மரகதம் ஈஜிபுராவிலிருந்து வேலை முடிந்து வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பையனின் போனிலிருந்து அடுத்த வரி வந்தது. "கைகளை வெளியே நீட்டாதீர்கள்."

வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். மமதா முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, குறுகலான பெட்டிக்குள் உட்கார்ந்து தின்பவள்போலத் தின்றாள். ஒரு சாண் தள்ளி இருந்த ரசக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"எட்டலைம்மா."

இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. மரகதத்துக்கு அவை மனப்பாடம்.

சனிக்கிழமை மகளின் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். அதற்கு முன், அதிலேயே ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, பாதாள ரயிலுக்கென்று வைத்திருந்த அந்த இணையப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். ரயிலை மூடியதற்குக் காரணம் நான் என்று தொடங்கி, தன் பெயர், டென்சில் பெயர், அந்தச் சிறுமியின் நீலக் கவுன், எதையும் விடவில்லை. இதைச் சொல்லிவிட்டால் அந்தக் குரல் மகளை விட்டுவிடும் என்று நம்பினாள். பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். செம கதை ஆண்ட்டி, அடுத்தது எப்போ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கவில்லை. கணவர் நாகேஷ் ஓசூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். மரகதம் குழாயடியில் குடத்தை வைத்தபோது, கீழ்வீட்டு முனிராஜ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே போனைத் தட்டினான்.

"எழுந்து நிற்காதீர்கள்."

குடத்தை அப்படியே விட்டாள். படிகளில் ஓடினாள்.

மமதா நாற்காலியில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, என்னால எந்திரிக்க முடியலை."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. நாற்காலியைச் சாய்த்தாள். அசையவில்லை. இரண்டு விரலால் தூக்கக்கூடிய நாற்காலி. மடிக்கு மேலே வெறும் காற்றில் கை வைத்தாள். இரும்பு தட்டியது.

"இளிம்மா, இளி." இறங்கு, இறங்கு என்று கன்னடத்தில் கெஞ்சினாள். அன்றைக்கு அந்தச் சிறுமியிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சொல். பன்னிரண்டு வருஷம் கழித்து, தவறாமல் வந்தது.

ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். தெருவிலிருந்து எந்தப் போனின் சத்தமும் இனி வராது. டிவி இல்லை. ஃபேன் இல்லை. அமைதி.

அப்போதுதான் உணர்ந்தாள். அது வெளியிலிருந்து வரப்போவதில்லை.

நெஞ்சுக்குள் ஏதோ மூச்சு இழுத்தது. அவள் இழுக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் போய்ப் படிந்தது. மைக்குக்கு முன்னால் நிற்கும்போது படிவதைப்போல.

முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்தாள். இரண்டு கைகளாலும் பொத்தினாள். பல் உதட்டில் இறங்கியது. உப்பு. ரத்தம்.

"என்னம்மா பண்றே?"

தொண்டை அதிர்ந்தது.

ஒரு சொல்.

அடைத்த துணிக்குள்ளேயே. தெளிவாக. இளமையாக. இன்னொரு சொல்.

மூடிய அறையில், மமதாவின் நெற்றி முடி மெல்ல மேலே எழும்பியது. பிறகு கூந்தல் முழுவதும் பின்னால் பறந்து, நேராக நீண்டு, எதிர்காற்றில் படபடத்தது. கன்னச் சதை பின்னுக்கு இழுபட்டது. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. கண்கள் மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தன. மரகதம் ஓரடி எடுத்து வைத்தாள். இன்னோரடி. எத்தனை அடி வைத்தாலும், அந்தச் சின்னக் கூடத்தில், அந்த முகம் சிறியதாகிக்கொண்டே போனது.