ரீஸ்டோர் பட்டன்

நல்லசிவம் செருப்போடு ஏசி அறைக்குள் வந்தார்.

சளக், சளக் என்று நனைந்த ரப்பர் செருப்பு தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டு அச்யுத் தலையைத் தூக்கினான். அவன் வேலை பார்க்கிற இந்த தி.நகர் கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் செத்துப்போகும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, வருகிற பையன்களையெல்லாம் நிறுத்திக் கழற்றவைக்கிறவரே இந்த நல்லசிவம்தான். முதலாளிக்கு ஒன்றுவிட்ட மச்சான், திருநெல்வேலிப் பக்கம், வாசல் மேஜை உத்தியோகம். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிற பிரகிருதி.

"என்ன ஸார், உங்க சட்டம் உங்களுக்குக் கிடையாதா?"

அவர் நேராகப் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு கழுத்தைத் திருப்பாமல் உடம்பை மொத்தமாகத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

கோபம் போலிருக்கிறது என்று அச்யுத் முடிவுகட்டினான். பரவாயில்லையே, சூடு சொரணை என்று ஏதோ ஒன்று அந்த மண்டையிலும் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டான்.

மத்தியானம் நடந்தது இதுதான். பையன்கள் ஒரு விளையாட்டுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். பாதாளச் சிறையிலிருந்து காவலாளிகளைச் சுட்டுத் தள்ளித் தப்பிக்கிற விளையாட்டு. காவலாளிகளின் முகத்தையும் குரலையும் மாற்றுகிற ஃபைல்களை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து, எதை எங்கே போடுவதென்று தெரியாமல் கண்டபடி காப்பி செய்து, கடைசியில் விளையாட்டே திறக்காமல் பேந்தப் பேந்த முழித்தார்கள். அச்யுத்தின் அபிப்பிராயத்தில் அந்தக் கட்டடத்திலேயே மூளை என்கிற வஸ்து அவனிடம் மட்டும்தான் இருந்தது. போனால் போகிறதென்று அவர்களுக்காக, அந்த மாற்றத்தைத் தானே செய்துவிடுகிற ஒரு புரோகிராம், மோட் மேனேஜர், எழுதிக் கொடுத்தான். இந்தப் பக்கம் முகங்கள், அந்தப் பக்கம் காவலாளிகள், நடுவில் 'சேஞ்ச்' என்று ஒரு பட்டன்.

"ஒரு மூஞ்சி, ஒரு காவலாளி, ஒரு அமுக்கு. கழுதைக்குக்கூடப் புரியும்டா," என்றான்.

பக்கத்திலேயே 'ரீஸ்டோர்' என்று இன்னொரு பட்டனும் வைத்தான், எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவதற்கென்று. வைத்தான், அவ்வளவுதான். அதற்கு அடியில் ஒரு வரிகூட எழுதவில்லை. அமுக்கினால் 'டன்', ஆயிற்று, என்று மட்டும் காட்டும். எடுத்ததை எங்கே பத்திரப்படுத்துவது, எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று இந்தக் கும்பலுக்காக எவன் மண்டையை உடைத்துக்கொள்வான்? பழைய காவலாளியின் மேலேயே புதியதை எழுதி மூடினான்.

சோதனை பார்க்க முகம் வேண்டுமே. ஐடி கார்டுக்காக ஸ்கேன் செய்த ஊழியர் படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. நல்லசிவத்தின் படத்தை எடுத்தான். தினமும் அவர் போடுகிற கூச்சலையும் கதவோரம் மைக்கை மறைத்துவைத்துப் பிடித்தான். திரையில் நல்லசிவம் சிறை வராந்தாவில் "தம்பி, கதவ மூடுங்க, ஏசி போவுது!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, குண்டடி பட்டு ரத்தத்தில் சரிந்தார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னா நைனா, சாரு உள்ள மாட்டிக்கினாரு!" என்றான் ஷரீஃப். விளையாட்டு சிடி அவனுடையது.

நல்லசிவம் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். திட்டவில்லை.

"எம் மூஞ்சியப் போட்டுட்டிய, சரி. அங்கன முன்னாடி இருந்தவன் எங்க போனான், தம்பி?"

"எங்கயும் போகலை ஸார். தூக்கி வெளில எறிஞ்சாச்சு."

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஷரீஃப் சிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைதாப்பேட்டை பஸ் பிடிக்க ஓடினான். மற்றவர்களும் போனார்கள். நல்லசிவம் டீ குடிக்கக் கீழே இறங்கினார். இப்போதுதான் திரும்பியிருக்கிறார், செருப்போடு.

மேஜைமேல் போன் அடித்தது. மயிலாப்பூரிலிருந்து அம்மா.

"அச்சு, மழை கொட்டறதுடா. ஆத்துல நான் ஒண்டியா இருக்கேன். பெல் வேற ரிப்பேர், நீ தட்டினா எனக்குக் காது கேக்காது. தாப்பா போடாம வெக்கட்டுமா?"

"ம்."

"சீக்கிரம் வந்துடறியா?"

"ம்."

போனை வைத்தான். அம்மாவுக்கு அவன் 'ம்' தவிர வேறு வார்த்தை செலவழித்துப் பல வருஷமாகிறது. அவளுக்கு அதுவே போதும் என்பது அவன் எண்ணம்.

சளக், சளக். சுவர். திரும்பல். சளக், சளக். மழையின் இரைச்சலுக்கும் ஏசியின் உறுமலுக்கும் நடுவில் அந்தச் சத்தம் ஒரே சீராக, கூடாமல் குறையாமல், அவன் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கூடவே ஒரு வாடை. துருவேறிய இரும்பும் ஈரக் கல்லும் சேர்ந்த, வருஷக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கல் வாடை, ஏசிக் குளிரோடு கலந்து மூக்கில் ஏறியது. நல்லசிவத்தின் நிழல் அவன் மேஜையைக் கடந்து போனது. நிழலின் தலையில் தொப்பி இருந்தது.

திரும்பிப் பார்த்தான். வழுக்கைத் தலைதான். தொப்பி இல்லை.

"ஸார், போய் உக்காருங்கோ. எரிச்சலா வரது," என்றான். குரல் அவன் நினைத்த அளவு அதட்டலாக வரவில்லை. பார்வையை வேறு எதிலாவது வைக்கவேண்டும் என்பதற்காகவே விளையாட்டைத் திறந்தான்.

வராந்தா காலியாக இருந்தது. ஓடிவர வேண்டிய காவலாளி வரவில்லை. தேடிக்கொண்டு போனான். கடைசியில், இரும்புக் கதவுக்குப் பின்னால், கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றது நல்லசிவத்தின் முகம்.

"தம்பி," என்றது ஸ்பீக்கர்.

அச்யுத் கையை எடுத்துவிட்டான்.

"தம்பி. கதவ. தம்பி."

பதிவு செய்தது ஒரே வாக்கியம். அதை யாரும் வெட்டவில்லை. உள்ளே இருக்கிறவரிடம் அந்த நாலைந்து வார்த்தைகள்தான் இருந்தன. அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"கதவ. கதவ. தம்பி."

ஐடி கார்டுப் படத்தின் தட்டையான கண்கள் நனைந்திருந்தன.

அவர் உள்ளே என்றால், பின்னால் நடப்பது? தூக்கி வெளியே எறிந்தவன் எங்கே போனான் என்று அவர் கேட்டாரே. எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

ரீஸ்டோரை அமுக்கினான். 'டன்.'

மறுபடியும். 'டன்.'

'டன்.' 'டன்.' முட்டாள், அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை! பழைய காவலாளி இருப்பது சிடியில். சிடி ஷரீஃபிடம். போனுக்குக் கை நீட்டினான்.

செருப்புச் சத்தம் நின்றது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அங்கே பையன்கள் மோட் மேனேஜரைத் திறந்தபடியே விட்டுப்போயிருந்தார்கள். நல்லசிவத்தின் கை மவுஸின் மேல் படிந்தது. பயமில்லாமல் படிந்தது.

இந்தப் பக்கம் முகங்கள். அம்பு ஒவ்வொன்றாக இறங்கியது. அச்யுத்தின் படத்தில் நின்றது.

அந்தப் பக்கம் காவலாளிகள். இரண்டாமவன்.

"வேண்டாம்," என்றான். கால் எழவில்லை. "நல்லசிவம் ஸார்... ஸார், ப்ளீஸ்..." இத்தனை நாளில் அந்த 'ஸாரை' அவன் மனசாரச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னது அவரிடம் அல்ல என்பதும் தெரிந்தது.

ஒரு அமுக்கு.

குளிர். வெறும் காலுக்கடியில் கல். இருட்டு. எதிரே கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் சதுரமாக ஒரு வெளிச்சம். அதற்குள் ட்யூப்லைட், ஏசி அறை, அவன் நாற்காலி. நாற்காலியில் அவன் சட்டை. அவன் முகம். கழுத்து திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நாற்காலியில் இருந்தது கொஞ்ச நேரம் போனையே பார்த்தது. எடுத்தது.

"கெளம்பிட்டியாடா? கதவு வெறுமன சாத்தியிருக்கு. தட்டாதே, நேரா உள்ள வந்துடு."

"ம்," என்றது.

"சரிடா கண்ணா," என்றாள் அம்மா.

போனை வைத்தது. உடம்பை மொத்தமாகத் திருப்பிக்கொண்டு எழுந்து நடந்தது. நல்லசிவத்தின் செருப்பு சளக், சளக் என்று அதன் பின்னாலேயே போனது. வாசலில் அச்யுத்தின் செருப்பு விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. கதவு ஆவென்று திறந்திருக்க, மழைச் சாரல் உள்ளே அடித்தது.

"கதவ," என்றார் நல்லசிவம், இருட்டில், அவன் தோளுக்குப் பக்கத்தில். "தம்பி. கதவ."

அச்யுத் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று அலறினான். வாய்தான் திறந்தது. அவனுக்குக் குரல் எதுவும் பதிவாகியிருக்கவில்லை.