மதியத் தூக்கத்தில் அழிந்த கோப்பு

மதியம் மணி 1:00. விளக்கைப் போட்டுக் கணினி முன் உட்கார்ந்த யென் அலறினாள்.

"கோப்பைக் காணோம்! ஆறு வார உழைப்பும் போச்சு!"

சைகோன் முந்திரி ஏற்றுமதி அலுவலகம் அது. ஆர்டர், கிடங்கு, கப்பல் காகிதம் மூன்றையும் ஒரே இடத்தில் முடிக்கும் புதிய மென்பொருளை வாங்கலாமா என்று சோதித்தவள் யென். நாலு மணி நேரக் காகித வேலை எத்தனை நிமிடமாகச் சுருங்கியது, எத்தனை தவறு குறைந்தது, எல்லாம் அந்தக் கோப்பில். சோதனைக் காலம் நேற்றோடு முடிந்து, மென்பொருளும் பூட்டிக்கொண்டது. இரண்டு மணிக்கு நிர்வாகக் கூட்டம்.

அலறல் கேட்டுத் தன் அறையிலிருந்து வந்த இயக்குநர் லோக் கணினியைப் பார்த்தார். 12:41க்கு, யென்னின் கணினியிலிருந்தே அழித்திருக்கிறார்கள். பன்னிரண்டுக்கு விளக்கணைத்து, கதவை உள்ளே தாழிட்டுப் பாய் விரித்துத் தூங்குவது வழக்கம். உள்ளே இருந்தது யென், துயெத், கியெம் மூன்றே பேர்.

"துயெத் அக்காதான்," என்றாள் யென். "இந்த வேலை எனக்குக் கிடைச்சதுலேருந்து என்கிட்ட பேசறதே இல்ல. என் திரையையே முறைச்சுக்கிட்டிருப்பாங்க."

முறைத்ததைத் துயெத் மறுக்கவில்லை. பதினோரு வருடம் கிடங்கைக் கட்டி மேய்த்தவளை விட்டுவிட்டு, நேற்று வந்த பெண்ணிடம் மதிப்பீட்டைக் கொடுத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது உண்மை. சற்றுமுன் அந்த அலறல் ஒரு நொடி காதில் இனித்ததும் உண்மை.

"ரெண்டு மணிக்குள்ள நீ இல்லைன்னு காட்டு," என்றார் லோக். "இல்லேன்னா நாளைக்கு வராதே."

மணி 1:08. துயெத் அறையைச் சுற்றி வந்தாள். யென் மேசைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி; மூன்று மேசையிலும் ஐஸ் தேநீர். 11:55க்குப் பணிப்பெண் வைத்துவிட்டுப் போனது. அவளுடையதும் யென்னுடையதும் வெளுத்த தண்ணீராக, அடியில் ஈரவட்டத்தோடு நின்றன. கப்பல் காகிதங்களைக் கவனிக்கும் கியெம் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். கலகலவென்றது.

"கியெம் அண்ணா, எப்ப தூங்கினீங்க?"

"விளக்கணைஞ்சதும்."

"நடுவுல எழுந்தீங்களா?"

"இவ கத்தினப்பதான். ஏம்மா, போலீஸ் உத்தியோகம் எப்பலேருந்து?"

"புது மென்பொருள் எப்படிண்ணா?"

"என்ன பெரிய மென்பொருள்! பதினெட்டு வருஷமா எந்தக் காகிதம் எங்கேன்னு சார் என்னைத்தான் கேப்பார். இனிமே ஒரு பொத்தானை அமுக்கினா போதுமாம்."

மணி 1:20.

"சார், அழிச்சது கியெம் அண்ணா," என்றாள் துயெத். "மூணு டம்ளரும் ஒரே நேரத்துல வெச்சது. எங்க ரெண்டு பேர் ஐஸும் எப்பவோ கரைஞ்சாச்சு. அவரோடது இன்னும் கட்டியா இருக்கு. ஐஸ் பெட்டி யென் மேசைக்குப் பின்னால. நடுவுல எழுந்து போய்ப் போட்டுக்கிட்டவர், எழுந்திருக்கவே இல்லைன்னு ஏன் பொய் சொல்லணும்?"

கியெம் கையிலிருந்ததை அவசரமாக மேசைமேல் வைத்தார். டம்ளர் மறுபடி கலகலத்தது.

"அழிச்சதும் தொண்டை வறண்டுபோச்சு," என்றார் கடைசியில். "ஒரு மிஷின்கிட்டப் போய்த் தோக்கறதான்னு..."

லோக் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆளைக் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? கூட்டத்துல எதைக் காட்டுவேன்?"

துயெத் தன் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். யென் புரட்டினாள். அவள் திரையில் வந்த ஆறு வார எண்களும், நாள் தவறாமல்.

"எல்லாம் இருக்கே! எதுக்குக்கா எழுதி வெச்சீங்க?"

"உன் கணக்குல எங்கயாவது தப்பு சிக்குமான்னுதான். ஒண்ணுகூடச் சிக்கல."

அதைச் சொல்லும்போது துயெத்துக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.